பினாங்கில் முதல் அன்டெனா: வீட்டைப் பார்த்து வாங்குங்கள்

ஹாம் (அமெச்சூர் வானொலி) பரீட்சையில் தேறி வரும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணே, எந்த வானொலி செட் வாங்கலாம்?" என்பதுதான். நான் திருப்பி, "வீடு எங்கே?" என்று கேட்பேன். அது தெரியாமல் பினாங்கில் எதையும் வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. பட்டர்வொர்த்தில் தாமான் வீட்டில் இருப்பவர், ஆயர் ஈத்தாமில் பதினைந்தாவது மாடியில் இருப்பவர், பாலிக் பூலாவில் டுரியான் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பவர், இந்த மூவருக்கும் ஒரே அன்டெனா சரிவராது. செட் ஒன்றாகவே இருக்கலாம். அன்டெனாவும் அதை ஏற்றும் விதமும் வீட்டுக்கு வீடு மாறும்.

புதியவர்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் பேண்டுகள், அதாவது அலைவரிசைத் தொகுதிகள், இரண்டு. 2 மீட்டர் பேண்டும் (144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ்) 70 சென்டிமீட்டர் பேண்டும் (430 முதல் 440 மெகாஹெர்ட்ஸ்) கிட்டத்தட்ட வெளிச்சம் போலத்தான் போகும். நேராகப் போகும், கொஞ்சம் வளையும், மலை குறுக்கே வந்தால் நின்றுவிடும். தரை சமமாக இருந்தால் எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. அன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று வரும். கையில் பிடித்த செட்டுக்கு, உயரம் ஒன்றரை மீட்டர் என்றால், 5 கிலோமீட்டர். கூரைக்கு மேலே 9 மீட்டரில் நிற்கும் அன்டெனாவுக்கு 12. பதினைந்தாவது மாடி ஜன்னலுக்கு, தரையிலிருந்து 45 மீட்டர் என்று வைத்தால், 28. எதிர்முனையில் இருப்பவருக்கும் இதே கணக்கைப் போட்டு இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். உயரம் எவ்வளவு பெரிய விஷயம் என்று இதிலேயே தெரிந்துவிடும். 5 வாட் செட்டை 50 வாட் ஆக்கினால் அடிவானம் ஓர் அங்குலம்கூட நகராது.

ஆனால் நம் தீவு சமதரை இல்லையே. நடுவில் வடக்கு தெற்காக மலைத்தொடர் ஓடுகிறது. கொடிமலையின் உச்சி 833 மீட்டர். ஜார்ஜ்டவுனில் இருந்து பட்டர்வொர்த்துக்கு இடையில் கடல்தான், ஒரு தடையும் இல்லை, கையடக்க செட்டிலேயே தாராளமாகப் பேசலாம். அதே செட்டில் ஜார்ஜ்டவுனில் இருந்து பாலிக் பூலாவுக்குப் பேச முயன்றால் வெறும் இரைச்சல்தான் வரும். தூரமும் கூடத்தான், ஆனால் உண்மையான தடை நடுவில் நிற்கும் மலை. அங்கே உயரமான இடத்தில் உள்ள ரிப்பீட்டரை, அதாவது நம் சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையத்தை, பிடித்தால்தான் வழி.

ஆகவே முதல் வேலை, ஒரு தாளில் உங்கள் வீட்டைப் புள்ளியாக வைத்து, எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, எந்தப் பக்கம் மலை, எந்தப் பக்கம் அடுக்குமாடி என்று வரைந்துகொள்ளுங்கள். மாடிக்குப் போய் நின்று பாருங்கள். வடக்கே கடலுக்கு அப்பால் குனோங் ஜெராய் கண்ணுக்குத் தெரிகிறதா? தெரிந்தால் உங்கள் அன்டெனாவுக்கும் அது தெரியும்.

உரிமம்: சுருக்கமாக

அமெச்சூர் பேண்டில் பேச மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் பரீட்சையில் தேறி, அழைப்புக் குறி வாங்கியிருக்க வேண்டும். தீபகற்பத்தில் பி வகுப்பினருக்கு 9டபிள்யூ2 என்றும், ஏ வகுப்பினருக்கு 9எம்2 என்றும் தொடங்கும். பரீட்சை இன்னும் எழுதவில்லை, நண்பர்களோடு காரில் போகும்போது பேசினால் போதும் என்றால், 477 மெகாஹெர்ட்ஸ் சிபி (பொதுமக்கள் வானொலி) செட் இருக்கிறது. அதற்குத் தனி உரிமம் வேண்டாம், சிரிம் முத்திரை உள்ள செட்டாக மட்டும் பார்த்து வாங்குங்கள். இந்தக் கட்டுரையில் சொல்லும் நீளங்கள் 2 மீட்டர் பேண்டுக்கானவை. 477க்கு அளவுகள் சுருங்கும், முறை ஒன்றேதான்.

செலவு செய்யும் முன் ஒரு வாரம் நடந்து பாருங்கள்

கையடக்க செட்டோடு வரும் ரப்பர் அன்டெனா ஒரு சமரசம். 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலை (அலைநீளத்தில் கால் பங்கு) என்றால் 49 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். அதைச் சுருட்டி ஒரு சாண் அளவுக்குக் குறுக்கியிருக்கிறார்கள். சட்டைப் பைக்கு வசதி, சிக்னலுக்கு நட்டம். இருந்தாலும் அதை வைத்தே தொடங்குங்கள். வீட்டின் ஒவ்வொரு மூலைக்கும் போய், ஒரு ரிப்பீட்டரையோ நண்பரையோ கேட்டுப் பாருங்கள். ஓரடி நகர்ந்தாலே சிக்னல் ஏறி இறங்குவதைக் காண்பீர்கள். இரும்புக் கிரில் போட்ட ஜன்னலுக்கு உள்ளே நிற்பதற்கும், கையை கிரிலுக்கு வெளியே நீட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் பலரை ஆச்சரியப்படுத்தும். எந்த இடத்தில் நன்றாகக் கேட்கிறதோ அதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அன்டெனா நிற்கப்போவது அங்கேதான்.

தைப்பூசத்தில் தண்ணீர்மலை அடிவாரத்தில் தொண்டு செய்யும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். செட்டை இடுப்பில் மாட்டி, மைக்கை மட்டும் வாயருகே பிடித்துப் பேசுவார்கள். அந்தக் கூட்டத்தில் உடம்புகளே சிக்னலைத் தின்றுவிடும். அதே செட்டைத் தலைக்கு மேலே உயர்த்தினால் போதும், பேச்சு தெளிந்துவிடும். காசு செலவில்லாத அன்டெனா மேம்பாடு இதுதான்.

இன்னொன்றும் செலவில்லாதது. 49 சென்டிமீட்டர் மெல்லிய வயர் ஒன்றை எடுத்து, செட்டின் அன்டெனா அடியில் உள்ள உலோக வளையத்தில் ஒரு முனை தொடும்படி மாட்டி, மற்ற முனையைக் கீழே தொங்க விடுங்கள். புலிவால் என்பார்கள். கால் அலை அன்டெனா என்பது பாதி அன்டெனாதான், மறுபாதிக்கு அது தரையைத் தேடும். கையடக்க செட்டில் அந்தத் தரை உங்கள் கையும் உடம்பும். வாலைக் கட்டிவிட்டால் அதற்கு உருப்படியான மறுபாதி கிடைக்கிறது.

ரப்பரை மாற்றி நீளமான அன்டெனா வாங்கப் போனால், செட்டின் கனெக்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் போங்கள். எஸ்எம்ஏ கனெக்டரில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. பாவ்ஃபெங் செட்டில் ஊசி செட்டின் பக்கம் இருக்கும். ஜப்பான் செட்டுகள் பலவற்றில் துளை செட்டின் பக்கம் இருக்கும்.

எந்த அன்டெனா: நீளத்தைப் பாருங்கள், அட்டையில் உள்ள எண்ணை நம்பாதீர்கள்

இணையக் கடைகளில் ஒரு மீட்டர் நீளக் குச்சிக்கு 9 டிபிஐ, 12 டிபிஐ என்றெல்லாம் போட்டிருப்பார்கள். அன்டெனா சிக்னலை ஒரு பக்கம் எவ்வளவு குவிக்கிறது என்பதன் அளவு அது. அந்த எண்களை மறந்துவிடுங்கள். அன்டெனா காற்றிலிருந்து பவரை உருவாக்குவதில்லை. மேலேயும் கீழேயும் வீணாகப் போவதை அடிவானத்தின் பக்கம் தட்டையாக அமுக்கித் தருகிறது. சப்பாத்தி மாவை உருட்டித் தேய்ப்பது மாதிரி. மாவு அதே அளவுதான், பரப்பு கூடும், தடிப்பு குறையும். அப்படி அமுக்குவதற்கு நீளம் வேண்டும். 2 மீட்டர் பேண்டில் ஒரு மீட்டர் நீளம் என்றால் அரை அலை, அதாவது 2 டிபிஐ சொச்சம். 1.7 மீட்டர் நீளமுள்ள நல்ல கம்பெனி அன்டெனா 4.5 டிபிஐ சொல்லும், இரண்டரை மீட்டர் அன்டெனா 6 சொல்லும், 5 மீட்டருக்கு மேல் போனால் 8. இந்தக் கணக்குக்கு மேல் யார் சொன்னாலும் அது விளம்பரம்.

சரி, அப்படியானால் இருப்பதிலேயே நீளமானதை வாங்கிவிடலாமா? இங்கேதான் வீடு எங்கே என்ற கேள்வி திரும்ப வருகிறது. தேய்த்துத் தேய்த்துத் தட்டையாக்கிய கற்றை அடிவானத்தை ஒட்டியே போகும். ஜார்ஜ்டவுனில் இருந்து 1217 மீட்டர் குனோங் ஜெராயின் உச்சியைப் பார்த்தால், தூரம் 43 கிலோமீட்டர் சொச்சம் என்பதால், அது 2 பாகைக்கும் குறைவான ஏற்றத்தில்தான் தெரியும். நீளமான அன்டெனாவுக்கு இது அருமையான காட்சி. ஆயர் ஈத்தாமில் இருந்து கொடிமலையின் மேலே பார்த்தாலோ தூரம் மூன்று கிலோமீட்டர், ஏற்றம் ஏறக்குறைய 15 பாகை. 5 மீட்டர் அன்டெனாவின் கற்றை அதற்குக் கீழேயே போய்விடும். மலையடிவாரத்தில் குடியிருப்பவர் மலை மேல் உள்ள நிலையத்தைப் பிடிக்க நினைத்தால், 49 சென்டிமீட்டர் கால் அலைக் கம்பியே பல நூறு வெள்ளி அன்டெனாவைவிட நன்றாக வேலை செய்யலாம். ஆகவே ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங் பக்கத்தில் உள்ளவர்களுக்குக் குட்டையானது. பட்டர்வொர்த், பிறை, செபராங் பிறையின் சமவெளியில் உள்ளவர்களுக்கு நீளமானது. என் அனுபவத்தில் இந்த ஒரு விதி பத்தில் எட்டுப் பேருக்குச் சரியாக வந்திருக்கிறது.

ஒரே திசையில் மட்டும் பேச வேண்டியவர்கள் யாகி, அதாவது ஒரு பக்கம் குவிக்கும் பல கம்பி அன்டெனா, வாங்கலாம். மூன்று கம்பி யாகியே கிட்டத்தட்ட 7 டிபிஐ தரும். ஆனால் எஃப்எம்மில் பேசுகிறவர்கள் அனைவரும் அன்டெனாவைச் செங்குத்தாக வைத்திருப்பார்கள். உங்கள் யாகியின் கம்பிகளும் செங்குத்தாகவே நிற்க வேண்டும். பழைய டிவி அன்டெனாவைப் போலப் படுக்கையாக வைத்தால் 20 டிபி வரை இழப்பு வரும், நூறில் ஒரு பங்கு பவரில் பேசுவது போல் ஆகிவிடும். இன்னொரு சிக்கல், செங்குத்தான கம்பிகளுக்கு நடுவில் இரும்புக் கம்பம் ஓடினால் அந்தக் கம்பமும் தானொரு கம்பி என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கெடுக்கும். யாகியைப் பின்முனையில் பிடித்து, கம்பத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும்படி மாட்டுங்கள்.

எச்எஃப் (சிற்றலை) பற்றி இங்கே விரிவாகப் பேசப்போவதில்லை. 7 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர் சொச்சம் நீளத்தில் ஒரு டைபோல் வயரை, நடுப்பகுதி ஏழெட்டு மீட்டர் உயரத்தில் இருக்கும்படி கட்டினால், பகல் நேரத்தில் தீபகற்பம் முழுக்கப் பேசலாம் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

கையால் ஒன்று செய்யுங்கள்

முதல் வெளி அன்டெனாவைக் கடையில் வாங்காமல் நீங்களே செய்ய வேண்டும் என்பது என் பிடிவாதம். செய்தவருக்குத்தான் பின்னால் எது எதனால் கெடுகிறது என்று புரியும். வேண்டியது ஓர் எஸ்ஓ-239 சாக்கெட், நான்கு மூலையிலும் துளை உள்ள சதுர வகை. அப்புறம் ஹார்ட்வேர் கடையில் வெல்டிங்குக்கு விற்கும் பித்தளைக் கம்பி, ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் தடிப்பில் ஐந்து.

கம்பிகளில் ஐந்து துண்டு வெட்டுங்கள். ஒன்று 51 சென்டிமீட்டர், மற்ற நான்கும் 52. முதல் துண்டைச் சாக்கெட்டின் நடுக் குழியில் நிமிர்த்தி வைத்து ஈயப்பற்று வையுங்கள். மற்ற நான்கையும் மூலைத் துளைகளில் போல்ட்டால் முடுக்கி, 45 பாகை கீழ்நோக்கி வளைத்துவிடுங்கள். அந்த வளைவு அழகுக்காக இல்லை. ரேடியல்கள் எனப்படும் இந்த நான்கு கம்பிகளையும் படுக்கையாக விட்டால் அன்டெனாவின் மின்மறுப்பு 36 ஓம் பக்கம் இருக்கும், கீழே சாய்த்தால் ஏறி, கேபிளின் 50 ஓமுக்கு அருகில் வரும்.

நடுக் கம்பியை வேண்டுமென்றே இரண்டு சென்டிமீட்டர் கூட்டி வெட்டச் சொன்னேன். வெட்டியதை ஒட்ட முடியாது, நீளமானதைக் குறைக்கலாம். அன்டெனாவிலிருந்து எவ்வளவு பவர் திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரையோ, நண்பரிடம் நானோவிஎன்ஏ எனும் சிறிய அன்டெனா சோதனைக் கருவி இருந்தால் அதையோ மாட்டி, எந்த அலைவரிசையில் அளவு மிகக் குறைகிறது என்று பாருங்கள். 145க்குக் கீழே இருந்தால் கம்பி நீளம். ஒரு சென்டிமீட்டர் வெட்டினால் ஏறக்குறைய 3 மெகாஹெர்ட்ஸ் மேலே நகரும். ஆகவே மூன்று மில்லிமீட்டர் மூன்று மில்லிமீட்டராகக் கத்தரியுங்கள், அவசரம் வேண்டாம். 1.5க்குக் கீழே வந்தால் திரும்பி வரும் பவர் நூற்றுக்கு நான்குதான், அங்கேயே நிறுத்திவிடலாம். 1.1 வர வேண்டும் என்று இரவெல்லாம் உட்கார்ந்து வெட்டுவதில் பயனில்லை, காதில் எந்த வித்தியாசமும் கேட்காது.

இந்த அன்டெனா 435 மெகாஹெர்ட்ஸிலும் ஓரளவு வேலை செய்யும். மூன்று மடங்கு அலைவரிசை என்பதால் அதே கம்பி அங்கே முக்கால் அலையாகிவிடுகிறது. சிக்னலில் ஒரு பங்கு மேல்நோக்கிப் போகும், அது இழப்புதான், ஆனால் ரப்பருக்கு எவ்வளவோ மேல்.

கேபிள்: இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்

புதியவர்கள் பணத்தை வீணாக்கும் இடம் செட், பணத்தைச் சேமிக்கப் பார்க்கும் இடம் கேபிள். இரண்டுமே தலைகீழ். மெல்லிய ஆர்ஜி-58 கேபிளை 20 மீட்டர் ஓட்டி 5 வாட் அனுப்பினால், 145 மெகாஹெர்ட்ஸில் அன்டெனாவுக்குப் போய்ச் சேர்வது ஏறக்குறைய 2 வாட். 433இல் ஒரு வாட். மீதி கேபிளைச் சூடாக்குவதில் போய்விடும். அதே நீளத்துக்கு எல்எம்ஆர்-400 போன்ற தடித்த கேபிள் போட்டால் 145இல் 4 வாட்டும் 433இல் 3 வாட்டுக்கு மேலும் போய்ச் சேரும். கேட்பதிலும் அதே கணக்குத்தான், அங்கே இழந்ததை எந்த செட்டாலும் மீட்க முடியாது. நம் ஊரில் சுலபமாகக் கிடைக்கும் 5டி-எஃப்பி கேபிள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 10 மீட்டர், 15 மீட்டருக்கு அது போதும், வளைக்கவும் சுலபம். அதற்கு மேல் நீளம் என்றால் தடித்ததற்குப் போங்கள். ஐந்து மீட்டருக்குள் வேலை முடிகிறது என்றால் ஆர்ஜி-58 கேபிளே பாதகமில்லை.

இதிலிருந்து இன்னொரு முடிவும் வருகிறது. அன்டெனாவை மூன்று மீட்டர் உயர்த்துவதற்காகக் கேபிளைப் பத்து மீட்டர் நீட்ட வேண்டியிருந்தால், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். மாடிக் குடியிருப்பில் உயரம் ஏற்கெனவே இருக்கிறது. பால்கனியில் நான்கு மீட்டர் கேபிளோடு நிற்கும் சின்ன அன்டெனா, மொட்டைமாடிக்கு 40 மீட்டர் மெல்லிய கேபிள் இழுத்த பெரிய அன்டெனாவை வென்றுவிடும்.

நான் தொடங்கிய காலத்தில் ஒரு கடையில் செம்புக் கேபிள் என்று சொன்னதை நம்பி ஒரு சுருள் வாங்கினேன். உறைக்கு அடியில் உள்ள உலோகப் பின்னலைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தபோது உள்ளே அலுமினிய வெள்ளை. பின்னலும் இடைவெளி விட்டு, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தெரியும் அளவுக்கு மெல்லியதாக இருந்தது. இப்போதெல்லாம் ஓர் அடி வெட்டி வாங்கி, உரித்துப் பார்த்துவிட்டுத்தான் சுருளுக்குப் பணம் கொடுக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஏற்றுவது: மாடி வீடு

பினாங்கில் பலருக்குக் கூரை சொந்தமில்லை. அடுக்குமாடியில் வெளிச்சுவரும் மொட்டைமாடியும் நிர்வாகத்தின் கையில். வெளியே எதை நீட்டுவதானாலும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேளுங்கள். பதினைந்து மாடிக்குக் கீழே பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்ற நினைவு எப்போதும் இருக்க வேண்டும். அன்டெனாவைப் பிடித்திருக்கும் கிளாம்ப் தவிர, தனியாக ஒரு நைலான் கயிற்றை அன்டெனாவில் கட்டி, வீட்டுக்கு உள்ளே உள்ள உறுதியான ஒன்றில் முடிச்சுப் போடுங்கள். கிளாம்ப் கழன்றாலும் அது தொங்கும், விழாது.

நிரந்தரமாக எதுவும் வைக்க முடியாதவர்களுக்கு நான் சொல்வது தூண்டில் முறை. மூன்று மீட்டர் தூண்டில் கம்பு ஒன்று, அதன் நுனியில் 300 ஓம் ரிப்பன் வயரில் செய்த ஸ்லிம் ஜிம் அன்டெனா. மொத்தம் ஒன்றரை மீட்டர் நீளம், சுருட்டினால் பைக்குள் போய்விடும். பேசும் நேரத்தில் கம்பைப் பால்கனியில் கட்டி வெளியே நீட்டுங்கள், பேசி முடித்ததும் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். கம்பு ஃபைபர்கிளாஸாக இருக்க வேண்டும். விலை உயர்ந்த தூண்டில்கள் கார்பன் ஃபைபரில் வரும். கார்பன் மின்சாரம் கடத்தும், அன்டெனாவைக் கெடுக்கும், இடியையும் அழைக்கும். கிரிலில் இருந்து ஒரு மீட்டராவது அன்டெனா தள்ளி நிற்கட்டும்.

ஏற்றுவது: தரை வீடு

ஓட்டுக் கூரை மேல் ஏறி நடக்காதீர்கள். ஓடு உடைந்தால் மழைக்காலம் முழுக்க அதன் பலனை அனுபவிக்க வேண்டும், கால் வழுக்கினால் அதைவிட மோசம். பக்கச் சுவரில் இரண்டு பிராக்கெட் அடித்து, அதில் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை நிறுத்துவதுதான் நல்ல முறை. ஒன்றரை அங்குல பைப் போதும். மேல் பிராக்கெட்டுக்கு மேலே எவ்வளவு நீளம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ, அதில் மூன்றில் ஒரு பங்காவது இரண்டு பிராக்கெட்டுக்கும் இடையில் இருக்கட்டும். மூன்று மீட்டர் மேலே போனால் பிராக்கெட்டுகளுக்கு நடுவே ஒரு மீட்டர். பிளாஸ்டிக் பிளக்கில் திருகாணி போட்டால் காற்றில் தளர்ந்துவிடும், எக்ஸ்பேன்ஷன் போல்ட் போடுங்கள். ஆஸ்ட்ரோ டிஷ்ஷுக்கு அடித்த பிராக்கெட்டிலேயே கட்டிவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது குட்டையான டிஷ்ஷுக்காகச் செய்தது. நீண்ட கம்பம் காற்றில் ஆடும்போது நெம்புகோல் போல அதைப் பிடுங்கும்.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமாத்ரா பக்கத்திலிருந்து கிளம்பி விடியற்காலையில் வந்து அறையும் காற்று நம் எல்லோருக்கும் தெரியும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கைப் புரட்டிப்போட்ட பேய்மழையையும் காற்றையும் யாரும் மறந்திருக்க முடியாது. அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் வானொலி உண்மையில் தேவைப்படும். அன்றைக்கு நிற்காத கம்பத்தை ஏற்றி என்ன பயன்? மேல் பிராக்கெட்டுக்கு மேலே மூன்று மீட்டரைத் தாண்டினால் மூன்று பக்கமும் இழுவைக் கயிறு கட்டுங்கள். பாலியெஸ்டர் கயிறு நல்லது, இரும்பு வயர் வேண்டாம்.

ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் குடியிருப்பவர்கள் கவனம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய அந்தச் செங்கல் சுவர்கள் மென்மையானவை, போல்ட் பிடிக்காது. அதோடு 2008 முதல் அது உலகப் பாரம்பரியப் பகுதி. மாநகர் மன்றத்தைக் கேட்காமல் வெளிச்சுவரில் கை வைக்காதீர்கள். ஏர்வெல் எனும் திறந்த முற்றம் இருந்தால், அங்கே தரையில் கனமான அடிப்பலகை வைத்து அதில் கம்பத்தை நிறுத்துவது மேல். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள், கூரையைவிடக் கணிசமாக உயரும் கம்பம் என்றால் உயரக் கட்டுப்பாட்டையும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக மின்கம்பி. கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதன் முழு நீளத்தோடு மூன்று மீட்டர் சேர்த்த தூரத்துக்குள் மின்கம்பி இருக்கக் கூடாது. இருந்தால் அந்த இடம் வேண்டாம், வேறு இடம் பாருங்கள். கம்பத்தைத் தனியாளாக நிமிர்த்தாதீர்கள்.

கடற்கரையோரம், தஞ்சோங் பூங்கா பக்கம் உப்புக்காற்று சாதாரண நட்டை ஒரே வருடத்தில் துருவாக்கிவிடும். யூ-போல்ட், நட் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள். மலையடிவாரத்தில் குரங்குகள். தொங்கிக்கொண்டிருக்கும் கேபிள் அவற்றுக்கு ஊஞ்சல். கேபிளைக் கம்பத்தோடு ஓரடிக்கு ஒரு கட்டு போட்டு இறுக்கிவிடுங்கள், பிடித்துத் தொங்க இடமிருக்காது.

தண்ணீர், இடி

என் முதல் நல்ல அன்டெனா எட்டு மாதம் அருமையாகப் பேசியது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. எஸ்டபிள்யூஆர் பார்த்தேன், முன்பைவிட அழகாக 1.2 காட்டியது. அதனால் அன்டெனாவைச் சந்தேகிக்கவே இல்லை, செட்டைத்தான் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கம்பத்தை இறக்கி கனெக்டரைக் கழற்றியபோது உள்ளிருந்து பச்சைத் தண்ணீர் கொட்டியது. கேபிளின் பின்னல் கறுத்து, பாதி நீளத்துக்கு நீர் ஏறியிருந்தது. நனைந்த கேபிள் போகிற பவரையும் விழுங்கும், திரும்பி வருகிற பவரையும் விழுங்கும். திரும்பி வருவது மீட்டருக்கு எட்டாததால் அது எல்லாம் நலம் என்று சொல்கிறது. நல்ல நிலையில் உள்ள ஆர்ஜி-58 கேபிளே 20 மீட்டர் இருந்தால், முனையில் அன்டெனாவே இல்லாமல் 433 மெகாஹெர்ட்ஸில் 1.5 காட்டும். மீட்டர் குறைவாகக் காட்டுவதற்கும் அன்டெனா நன்றாக இருப்பதற்கும் எப்போதும் தொடர்பு இருப்பதில்லை. ஏற்றிய நாளில் என்ன காட்டியது என்று எழுதி வைத்து, பின்னால் அது மாறினால், நல்ல பக்கம் மாறினாலும், சந்தேகப்படுங்கள்.

ஆகவே கனெக்டரை மூடுவதில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்ஓ-239 சாக்கெட்டில் மாட்டும் பிஎல்-259 கனெக்டருக்குத் தண்ணீர்க் காப்பு எதுவும் கிடையாது. முதலில் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை நன்றாக இழுத்து, பாதிக்குப் பாதி ஏறும்படி, கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். கூரை ஓடு அடுக்குவது போல மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மீது ஏறினால் தண்ணீர் வழிந்து போய்விடும். அதன் மேல் கறுப்பு பிவிசி டேப் ஒரு சுற்று, வெயிலில் இருந்து ரப்பரைக் காக்க. கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள். மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், சுவருக்குள் வராது.

இடியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உலகிலேயே அதிகமாக இடி விழும் பகுதிகளில் தீபகற்பத்தின் மேற்குக் கரையும் ஒன்று. இரும்புக் கம்பத்தை 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியால், முடிந்தவரை நேராக, வளைவில்லாமல் தரையில் இறக்கிய எர்த் ராடில் இணையுங்கள். அந்த ராடை வீட்டு மின்சார எர்த்தோடும் சேர்க்க வேண்டும், அதை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விடுங்கள். இவ்வளவு செய்தாலும் நேராக விழும் இடியில் இருந்து செட் தப்பும் என்று யாரும் உறுதி தர முடியாது. பேசி முடித்ததும் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே வைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இடி ஏற்கெனவே முழங்கத் தொடங்கிவிட்டதா? அப்போது கேபிளைத் தொட வேண்டாம். செட் போனால் வாங்கிக்கொள்ளலாம்.

காரில்

மைவி, சாகா போன்ற கார்களுக்கு இரும்புக் கூரை என்பதால் காந்த அடி அன்டெனா நன்றாக ஒட்டும். கூரையின் நடுவில் வையுங்கள், அந்தத் தகரமே அன்டெனாவின் மறுபாதி. 49 சென்டிமீட்டர் கால் அலைக் கம்பி போட்டால் காரின் உயரத்தோடு சேர்த்து இரண்டு மீட்டர் சொச்சம்தான் வரும், பேரங்காடி கார் நிறுத்தத்தின் 2.1 மீட்டர் கட்டையைத் தட்டாமல் நுழையலாம். ஒரு மீட்டர் கம்பி ஒவ்வொரு முறையும் தட்டும். காந்தத்துக்கு அடியில் மண் துகள் சேர்ந்தால் பெயின்ட் கீறும், வாரம் ஒரு முறை எடுத்துத் துடையுங்கள்.

ஏற்றிய பிறகு

முதல் நாளே தீவின் நான்கு பக்கத்தில் இருப்பவர்களையும் கூப்பிட்டு, எப்படிக் கேட்கிறது என்று வாங்கி எழுதிக்கொள்ளுங்கள். பழைய ரப்பர் அன்டெனாவில் இதே இடங்களுக்கு எப்படிக் கேட்டது என்று முன்பு தாளில் குறித்தீர்களே, அதற்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். தேதி, எஸ்டபிள்யூஆர் அளவு, கேபிளின் நீளம், அன்று மழையா வெயிலா என்பதும் இருக்கட்டும். வருடத்துக்கு இரண்டு முறை போல்ட்டுகளை ஸ்பேனரால் முடுக்கி, டேப் விரிந்திருக்கிறதா, கயிறு நைந்திருக்கிறதா என்று பார்த்து, அதே நான்கு பேரையும் மறுபடி கூப்பிடுங்கள். நான் பெரும்பாலும் தைப்பூசத்துக்கு முந்திய வாரத்தில் ஒரு முறையும், தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும்போது ஒரு முறையும் ஏணியை எடுக்கிறேன்.